அப்பாருவின் மடி

சூறைப்பாளையத்தில் ஆடி மாதம் எந்த வாசனைக்கும் ஆயுசு கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து வரும் காற்று, ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளின் கைகளைச் சுழற்றிவிட்டு, வீட்டுக்குள் புகுந்து, தாளிக்கிற கடுகின் வாசனையை வாணலியோடு வழித்தெடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். கோயிலில் ஏற்றிய ஊதுபத்தியைச் சாமி முகர்வதற்குள் தாராபுரம் பஸ் ஏற்றி அனுப்பிவிடும். சாவு வீட்டில் தெளிக்கும் பன்னீர்கூட வெறும் தண்ணீராகத்தான் பிணத்தின்மேல் விழும். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெண்கள் பள்ளிக்கூடத்தில் செல்வநாயகி டீச்சர் புதிதாக வந்த தமிழ்ப் பாடநூலைத் திறந்து ஒரு கவிதையை உரக்க வாசித்தபோது, வகுப்பின் நடுவில் ஒரு வாசம் எழுந்து நின்றது. காற்று ஜன்னல் வழியாக வந்து பார்த்துவிட்டு, பெரிய மனிதருக்கு வழிவிடுகிற மாதிரி, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே போனது.

முதலில் வந்தது வெல்லப் பாகில் உருட்டிய கடலை. அதன் பின்னால் மருக்கொழுந்து, அதன் பின்னால் செங்காயான கொய்யா, தலைக்குத் தேய்த்த விளக்கெண்ணெய், எல்லாவற்றுக்கும் அடியில் வெயிலில் கிடந்த பருத்தியின் சூடான தூசி. ஒரு வயசாளி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டதைப்போல இருந்ததால், ஓரத்தில் இருந்த பெண்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"டீச்சர், யாரோ வந்திருக்கறாங்க டீச்சர்."

"வந்தா வரட்டும்," என்றார் செல்வநாயகி டீச்சர். எத்தனையோ இன்ஸ்பெக்‌ஷன்களைப் பார்த்தவர் அவர். "மடி எதன் குறியீடு? யாராவது சொல்லுங்க."

"அன்பின் குறியீடுங்க டீச்சர்."

"பஞ்சு?"

"தூய்மையின் குறியீடுங்க டீச்சர்."

மணி அடிக்கும்வரை வாசம் இருந்து பாடம் கேட்டது. பிறகு, மணி அடித்தால் எல்லோரும் போவதுபோல அதுவும் போய்விட்டது.

கவிதையை எழுதிய கலாமணி அப்போது கடைவீதியில், தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில், யாருடைய சட்டத்துக்கோ லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் என்று ஒன்று நடந்து சீக்கிரமே முடிந்துபோய், அப்பா அங்கமுத்துவோடு பழைய வீட்டிலேயே இருந்துவிட்டவள். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. அங்கமுத்து பேசுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே பாதிதான் கேட்கும். கறிகாய்க்காரனிடம் விலை கேட்டால்கூட ரகசியம் சொல்வதுபோல இருக்கும். அந்த அமைதியான வீட்டில் கலாமணிக்குச் சத்தமான ஞாபகம் என்று இருந்தது அப்பாரு ஒருவர்தான். அப்பாவைப் பெற்ற முத்துரங்கன். பருத்தி ஜின்னிங் மில்லில் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். அவள் சின்னவளாக இருந்தபோது பொழுது இறங்கியதும் மில்லிலிருந்து வருவார். அவள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாள். அவர் வேட்டி மடியை அவிழ்ப்பார். மடி ஒரு நாளும் வெறுமையாக இருந்ததில்லை. அவளுக்குப் பதினொரு வயதாகும்போது செத்துப்போனார். அதற்குப் பிறகு அவளுக்காக யாரும் எதையும் அவிழ்த்ததில்லை. அதைத்தான் ஒரு மத்தியானம் லென்ஸ் தேய்த்துக்கொண்டே மனதுக்குள் வரிவரியாகக் கட்டி எழுதினாள். ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. யாரோ எடுத்துப் பாடநூலில் சேர்த்துவிட்டார்கள்.

வாசம் வந்த சேதி கேட்டதும் கண்ணாடியைப் பாதியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். செல்வநாயகி டீச்சர் அவளுக்காக இன்னொரு முறை வாசித்தார். வாசம் எழுந்தது. கலாமணி மர பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூக்கு விடைக்க இழுத்து இழுத்து அழுதாள். "அவரேதானுங்க டீச்சர், அவரேதா," என்றாள். டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "இதை ஒரு கேள்வியா வெக்கலாம்," என்றார்.

சூறைப்பாளையம் இந்த அதிசயத்துக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யார் அந்தப் பக்கத்தைத் திறந்து வாய்விட்டு வாசித்தாலும் சூறைப்பாளையத்தில் வாசம் எழுந்தது. ஆகவே, பகலில் பள்ளி நேரம் முழுக்க ஊர் மணத்தது, ஞாயிற்றுக்கிழமை மணக்கவில்லை. டீக்கடையில் "இன்னிக்கு அப்பாரு சித்தெ லேட்டு" என்று பேசிக்கொண்டார்கள். மூச்சிரைப்புக்காரர்கள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடச் சுவரோரம் வந்து நின்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் குழந்தைகளைக் கூட்டிவந்து முகரவைத்துவிட்டு, பரோட்டா சாப்பிட்டுப் போனார்கள். கலாமணியைப் பார்க்கிற இடத்திலெல்லாம் எழுந்து நின்றார்கள். அவள் கால் தரையில் பாவவில்லை. கடையில் உட்கார முடியவில்லை. வாசம் எழும்போதெல்லாம் வெளியே வந்து தெருவில் நின்று, எங்கே அது கெட்டியாக இருக்கிறது என்று மோப்பம் பிடித்து அலைந்தாள். அப்பாரு தெருமுனையில் நிற்பதுபோலவும், போய்ச் சேர்வதற்குள் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவதுபோலவும் இருந்தது.

அங்கமுத்து மட்டும், வாசம் வந்தால், சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் மிதித்து ஊருக்கு வெளியே போய்விடுவார். காற்றாலைக்கு அடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாக ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். கவிதையை அவர் ஒரு தடவையும் வாசித்துக் கேட்டதில்லை.

"ஏனுங்கப்பா, உங்கப்பாதானுங்களே?"

"ஆமா கண்ணு," என்பார், உதடு மட்டும் அசைய.

இதற்கிடையில் கிழவிகளின் கைகள் ஆட ஆரம்பித்திருந்தன.

முதலில் மாராத்தாளுக்கு. மேற்குத் தெருவில் மகன் வீட்டில் இருந்தவள், எழுபதைத் தாண்டியவள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தட்டில் களியைப் பிசைந்துகொண்டிருந்தவளின் கைகள் தாமாகவே எழுந்து காற்றில் எதையோ பிரிக்கவும் பொறுக்கவும் ஓரமாகப் போடவும் தொடங்கின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கோழி கொத்துவதைப்போலக் கொத்தின. மருமகள் பிடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. மணி அடித்து வாசம் போனதும் கைகள் மடியில் விழுந்தன. அன்றைக்கே தெற்குத் தெருவில் சிட்டம்மாளுக்கும் வந்தது. பிறகு விசாரித்தால், ஊரில் அந்த வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு வந்திருந்தது. டாக்டர் நரம்புக்கு மாத்திரை எழுதினார். பூசாரி திருநீறு போட்டுக் கயிறு கட்டினார். மாத்திரைக்கும் கேட்கவில்லை, கயிற்றுக்கும் கேட்கவில்லை. அத்தனை பேரும் ஒரு காலத்தில் ஜின்னிங் மில்லில் பருத்திக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து சருகும் கறைப் பஞ்சும் பொறுக்கியவர்கள் என்பதை ஊரில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஆனால், ஒரு வீடு எதற்குத்தான் பழகாது. ஆடுகிற கையில் மொச்சையைக் கொடுத்து உரிக்கச் சொன்னார்கள், புளியைக் கொடுத்துக் கொட்டை எடுக்கச் சொன்னார்கள். அந்தக் கைகளுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. அவை போர்வையைக் கிள்ளின, தலையணையைப் பிய்த்துப் பஞ்சை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணின. ஊரில் உள்ள தலையணையெல்லாம் புதுசு மாதிரி ஆயிற்று. ஆனால், கிழவிகள் மெலிந்தார்கள். பள்ளி நேரத்தில் சாப்பிட முடியாது, முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்ட முடியாது. சில வீடுகளில் கையைச் சேலைத் துண்டால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். பேத்திகளிடம், "வூட்டுல அந்தப் பாட்டெ மட்டும் சத்தம்போட்டுப் படிக்காதெ, மனசுக்குள்ள படி," என்றார்கள். அதனால் அந்தக் கிழவிகள் யாரும் கவிதையை ஒரு முறையும் காதால் கேட்டதில்லை. வாசம்தான் வந்தது, வார்த்தை வரவில்லை.

பருத்தி வியாபாரி பரமேஸ்வரன்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். பழைய ஜின்னிங் மில்லை இடித்துவிட்டு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபம் சும்மா கிடந்தது. பஞ்சைப் பொறுக்க அலைகிற கைகளுக்குப் பஞ்சையே கொடுத்தால் என்ன என்று கேட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் நியாயமாகப் பட்டது. வேன் வைத்துக் கிழவிகளை ஏற்றிவந்து, பந்திக் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து, முன்னால் பருத்தியைக் கொட்டினார். கைகள் பாய்ந்தன. எந்த இயந்திரமும் எடுக்காத துளிச் சருகை அவை எடுத்தன. பன்னும் காப்பியும் ஊட்டிவிட ஆள் போட்டார். பள்ளிக்கூடங்கள் வாசிக்காத இடைவேளைகளில் கை ஓய்ந்து வரிசை குலைவதைப் பார்த்துவிட்டு, கவிதையை ஒலிப்பதிவு செய்து மண்டபத்து மொட்டைமாடியில் ஒலிபெருக்கி கட்டினார். காற்று வார்த்தைகளைப் பிய்த்துக் கொண்டுபோனது. வாசம் மட்டும் கூரை வழியாக உள்ளே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமையும் இறங்கியது.

தன் கவிதையால் வயசானவர்களுக்கு ஒரு போக்கிடம் கிடைத்திருக்கிறது என்றுதான் கலாமணி கேள்விப்பட்டாள். பாராட்டு விழா வைக்கிறோம், வந்து நீங்களே ஒரு தரம் நேரில் வாசிக்க வேண்டும் என்று பரமேஸ்வரன் கடைக்கே வந்து கூப்பிட்டார். அப்பாவையும் கூட்டிவரச் சொன்னார்.

"நான் வல்லே," என்றார் அங்கமுத்து. கொஞ்சம் பொறுத்து, "நீயும் போகவேண்டாம் கண்ணு," என்றார்.

"ஏனுங்கப்பா?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விழா அன்று மத்தியானம் அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, காற்று முந்தானையைப் பிடுங்கப் பிடுங்க, மண்டபத்துக்குப் போனாள். வாசல் வாழைமரம், மேடை, சால்வை எல்லாம் தயாராக இருந்தன. அவள் மேடைக்குப் போகாமல் வாசம் கெட்டியாக இருந்த பக்கம் போனாள். பந்திக் கூடத்துக் கதவைத் தள்ளினாள்.

பேச்சே இல்லை. ஜரிகை உரசுவது மாதிரி ஒரு மெல்லிய சத்தம் மட்டும்: பஞ்சு கிழியும் சத்தம். இலைபோடும் இடத்தில் வரிசை வரிசையாகக் கிழவிகள் குனிந்திருந்தார்கள், தலைமேலும் புருவத்தின்மேலும் வெள்ளைத் தூசி. உடம்புகள் களைத்துத் தொங்கின. சிலர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். கைகள் மட்டும் தூங்காமல், யாரோ பின்னால் நிற்பதுபோல, படபடத்துக்கொண்டிருந்தன. மாராத்தாளை அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்குக் கடைக்கு வருகிறவள். கிட்டே போனாள். மாராத்தாளின் விரல் நுனிகள் வெடித்திருந்தன. அவள் பொறுக்கிய பஞ்சில் சிவப்பு இருந்தது. ஒரு ஆள் வந்து சிவப்புப் பஞ்சை மட்டும் தனியாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனான்.

"ஆத்தா, ரத்தம் வருதுங்களே."

"வருது," என்றாள் மாராத்தாள். "நிக்கமாட்டேங்குதே அம்மிணி."

கலாமணி ஓடிப்போய்ப் பரமேஸ்வரனின் கையைப் பிடித்தாள். "நிறுத்துங்க. மைக்க நிறுத்துங்க."

"ஏனுங்க இப்படிப் பதறறீங்க?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "கவிதை உங்களுது. வாசம் ஊருக்கே பொது. சும்மா ஆடற கைக்கு நான் வேலை குடுத்திருக்கறேன். வூட்டுல கட்டில்ல கட்டிப்போட்டாங்களே, அது தேவலைங்களா?"

அவள் மாடிக்கு ஏறி ஒயரைப் பிடுங்கினாள். ஒலிபெருக்கி நின்றது. வாசம் நிற்கவில்லை. மறுநாள் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இடைப்பருவத் தேர்வு. ஊர் ஊராகப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கத்திக் கத்தி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவள் கீழே வந்தபோது கைகள் முன்னைக்காட்டிலும் வேகமாக ஆடின.

அப்போது கூடத்து வாசலில் அங்கமுத்து நின்றார். தலையெல்லாம் புழுதி. மகள் எங்கே போவாள் என்று தெரிந்தே எதிர்க்காற்றிலிருந்து திரும்பி வந்திருந்தார். வரிசையைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், சிவப்புப் பஞ்சைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"போதும்! கையெடுங்கடீ!"

மண்டபத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. அப்படி ஒரு குரல் தன் அப்பாவின் உடம்புக்குள் இருக்கும் என்று கலாமணி நினைத்ததேயில்லை. இரும்பை இரும்பால் அடித்ததுபோன்ற குரல். தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் விழித்தார்கள். முதுகுகள் நிமிர்ந்தன. அத்தனை கைகளும் பயத்தில் இரண்டு மடங்கு வேகம் எடுத்தன, பஞ்சு பறந்தது.

மாராத்தாள் பஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அப்படியே அந்த மேஸ்திரி தொண்டை."

அங்கமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

'கண்ணு' என்று அழைத்த குரல் ஒன்றைத்தான் கலாமணி அப்பாருவிடம் கேட்டிருக்கிறாள். இது அவளுக்குக் காட்டப்படாத குரல். இதைத்தான் அப்பா ஆயுசு முழுக்கத் தொண்டையில் அமுக்கி வைத்திருந்திருக்கிறார். அவள் மாராத்தாளுக்கு எதிரில் பஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்தாள்.

"எங்கப்பாரு உங்கள என்ன பண்ணினாருங்க ஆத்தா?"

"செத்தவரெ இழுத்து என்னத்துக்கு. நீ என்னதா எழுதியிருக்கறே? மொதல்ல அதெச் சொல்லு. இத்தனை நாளா வாசம் வருது, ஒரு வார்த்தை காதுல உழுவுல."

கலாமணிக்கு அது மனப்பாடம். சொன்னாள். வழக்கமாகச் சொல்கிற ராகத்தில் வரவில்லை.

"பொழுதிறங்கிய பின் வருவார் அப்பாரு, புருவத்தில் பஞ்சு பூத்து."

"பூத்துச்சாமா," என்று யாரோ சொல்ல, வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது.

"மடியை அவிழ்த்தால் ஒரு தோட்டம். வெல்லம் இன்னும் இறுகாத கடலை உருண்டை…"

"நில்லு," என்றாள் மாராத்தாள்.

தலைகள் எல்லாம் திரும்பின.

"அது என்றது."

மாராத்தாள் அதைத் தன்னுடையது என்பது எப்படியென்று கலாமணிக்கு விளங்கவில்லை.

"பொழுதோட மில்ல வுட்டு வெளிய போறப்ப, உங்கப்பாரு கேட்டுல நின்னு ஒவ்வொருத்தியா முந்தானையெ ஒதறச் சொல்லுவாரு. பஞ்சு திருடறமான்னு பாக்கறதாமா. பஞ்சு ஒரு நாளும் உழுந்ததில்லெ. நாங்க முடிஞ்சு வெச்சிருக்கறதுதா உழுவும். கீழெ உழுந்தது மில்லுக்குச் சொந்தம்பாரு. குனிஞ்சு எடுத்து மடியில கட்டிக்குவாரு. அந்தக் கடலை உருண்டையெப் பையனுக்குன்னு பகலெல்லாம் திங்காம வெச்சிருந்தேன். அவன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தான்."

அவள் சொல்லி முடித்ததும், கூடத்தில் நின்ற வாசத்திலிருந்து கடலையும் வெல்லமும் தனியே பிரிந்து, தரையோடு தரையாக வந்து, மாராத்தாளின் முந்தானைக்குள் நுழைந்துகொண்டன. அவள் கைகள் நின்றன. இரண்டு கைகளையும் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, தன்னுடையவைதானா என்று பார்த்தாள். பிறகு முந்தானையை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.

கலாமணி அந்த வாசத்தை மனதில் தேடினாள். இல்லை. கடலை உருண்டை என்ற வார்த்தை இருந்தது, அது உருண்டையாக இருக்கும் என்பது தெரிந்தது, அப்பாரு அதைக் கொடுத்ததும் தெரிந்தது. வாசம் மட்டும், பல் விழுந்த இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரி, வெறும் பள்ளமாக இருந்தது. இன்னும் ஒரு வரி சொன்னால் இன்னொன்று போகும். போனால் வராது. வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. இந்த ஞாபகத்தைத் தவிர அவளை யாரும் கொஞ்சியதற்கு வேறு சாட்சி கிடையாது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், மாராத்தாளுக்குப் பக்கத்தில் சிட்டம்மாளின் விரல்கள் படபடப்பதைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

"இனிக்கிறதா என்று அப்பாரு கடித்துப் பார்த்த கொய்யா…"

"அவரு கடிக்கலீங்க அம்மிணி," என்றாள் சிட்டம்மாள், மெதுவாக, தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாதே என்பதுபோல. "நாந்தா கடிச்சேன். முழுகாம இருந்தேன். வாய்க்கு வேற எதுவும் புடிக்கல. ஒரு கடி கடிச்சுட்டு, மிச்சத்தெ வூட்டுக்குப் போயி மெல்லத் திங்கலாம்னு வெச்சிருந்தேன்."

கலாமணி அந்தப் பழத்தைச் சுற்றிச் சுற்றித் தின்பாள். பல் பட்ட இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள், அது அப்பாரு கொடுத்த முத்தம் என்று. 'கடித்த கொய்யா அக்கறையின் குறியீடு' என்று அந்த நிமிஷம் ஊர் ஊராகப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துக்குங்க," என்றாள் அவள். கொய்யா வாசம் சிட்டம்மாளின் மடிக்குப் போயிற்று. அவள் அதைக் குனிந்து முகர்ந்து, எச்சில் விழுங்கினாள்.

அடுத்த வரியில் வந்த, விளக்கெண்ணெய் மணக்கும் சிவப்பு ரிப்பனுக்கு ஒரே நேரத்தில் நாலைந்து பேர் கைநீட்டினார்கள்.

"அது என்ற ரிப்பன்."

"உனக்கு ஏதுடி ரிப்பன்? உன்ற தலையில அன்னிக்கு அத்தனை மசுரா இருந்துச்சு?"

"ஒரு நாளா ரெண்டு நாளா, எல்லாரோடதும்தா போச்சு," என்று மாராத்தாள் தீர்ப்புச் சொன்னாள். வாசம் அவர்களுக்குள் பங்காகப் பிரிந்தது. கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பிறகு அவர்கள் கவிதையில் இல்லாதவற்றையும் கேட்கத் தொடங்கினார்கள். ஒருத்தி வறுத்த புளியங்கொட்டையைக் கேட்டாள், ஒருத்தி கைக்குழந்தையின் வசம்பைக் கேட்டாள். கலாமணி தன் ஞாபகத்துக்குள் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் அங்கே இருந்தது, அவள் எழுதாமல் விட்டிருந்தாள். மருக்கொழுந்துக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

"அது பொன்னியோடது," என்றாள் சிட்டம்மாள் கடைசியாக. "தெனம் ஒரு கிளை வெச்சுக்குவா. அவதா போய்ச் சேந்துட்டாளே."

மருக்கொழுந்து வாசம் போக இடமில்லாமல், தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி, கூடத்து நடுவில் நின்றது. பின்வரிசையில் ஒருத்தி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து வாயை விரித்தாள். "அவ மக பல்லடத்துல இருக்கறா. நான் வெள்ளிக்கிழமை அங்கத்திக்குப் போறேன், குடுத்துடறேன்." வாசம் பைக்குள் இறங்கியது. அவள் வெற்றிலைக்குப் பக்கத்தில் அதை அமர்த்தி, கயிற்றை இழுத்துச் சுருக்கினாள்.

கூடத்தில் எந்தக் கையும் ஆடவில்லை. கிழவிகள் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கால் மரத்துப்போனதை உதறினார்கள். பரமேஸ்வரன் பாதிப் பஞ்சு அப்படியே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, சால்வையைக் கையில் வைத்தபடி நின்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

"சித்தெ இருங்க," என்றாள் கலாமணி. "இன்னும் ஒரு அடி இருக்குது."

அவளுக்கு அது நிற்காமல் உள்ளே உருண்டுகொண்டிருந்தது. எல்லாம் போன பிறகு அது ஒன்றுதான் மிச்சம். சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. சொன்னாள்:

"பிறகு என் தலையில் இறங்கும் அப்பாருவின் உள்ளங்கை, ஒரு நாளின் கனமெல்லாம் சேர்ந்து." எல்லோரையும் பார்த்தாள். "இது உங்கள்ல யாருதுங்க?"

கிழவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க தலையிலயும் அவரு கையி பட்டிருக்குது," என்றாள் மாராத்தாள். "அது வேற கனம். இது எங்களுது இல்லெ அம்மிணி."

"அப்ப இது என்றதுங்களா ஆத்தா?"

மாராத்தாள் பதில் சொல்வதற்குள், கை கழுவும் தொட்டிப் பக்கமிருந்து அங்கமுத்து பேசினார். கத்திய தொண்டை கிழிந்துபோயிருந்தது.

"அது எனக்கு வரவேண்டியது கண்ணு."

அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெனம் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுக்கிட்டு மில்லுக்குப் போவேன். தூக்குப்போசியெக் குடுத்துட்டு, தலையெக் குனிஞ்சுக்கிட்டு நிப்பேன். சும்மா, கையெ வெப்பாரான்னு. போசியெ வாங்கிக்கிட்டு உள்ள போயிருவாரு. பெரிய பையனாகி மீசை மொளைக்கற வரைக்கும் நின்னேன். அப்பறம் நீ பொறந்தே. உன்ற தலையில வெச்சாரு. நான் கதவுக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

வெளியே காற்று வாழைமரத்தைப் பிடித்து ஆட்டியது. கலாமணி அப்பாவுக்கு எதிரில் போய் மண்டியிட்டாள். பெற்றவர் தலையில் பிள்ளை கை வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. கை பாதி வழியில் தயங்கி நின்றது. கிழவிகள் அதைப் பார்க்காமல் இருப்பதற்காக, வாசலில் நின்று தங்கள் முடிச்சுகளை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டார்கள். அங்கமுத்து தலையைக் குனிந்தார். உச்சியில் முடி கொட்டி, புழுதி படிந்து, சின்னப் பையன் தலை மாதிரி இருந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். இத்தனை வருஷம் தன் தலையில் சுமந்த கனம் தோள் வழியாக இறங்கி, முழங்கை வழியாக இறங்கி, விரல் நுனி வழியாகப் போய்க்கொண்டிருப்பதை உணர்ந்தாள். கடைசித் துளியும் போன பிறகு, அப்பாரு எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு வேட்டி மட்டும் ஞாபகம் வந்தது.

அங்கமுத்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இவ்வளவுதானா கண்ணு?"

"இவ்வளவுதானுங்கப்பா," என்றாள் அவள். கையை எடுக்கவில்லை.